கணக்குக்குப் பயப்படுவது எப்படி?

தேவையான பொருள்கள்: கரும்பலகை ஒன்று, சாக்பீஸ் பாதி, பிரம்பு ஒன்று, சாட்சிகள் நாற்பது பேர், அவகாசம் அரை நிமிடம். ஆள் எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் இருந்தால் பதம் சரியாக வரும். முற்றிய ஆளுக்குப் பிடிக்காது என்றில்லை, கொஞ்சம் நேரமாகும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. கோயம்புத்தூர் வெயிலில் வாங்கும் பிரம்படி அடுத்த பீரியடுக்குள் ஆறிவிடும். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் ஜனவரி மாதக் காலையில், புல்லின்மேல் உறைபனி உப்பு தூவியதுபோல் கிடக்கும் நேரத்தில், ஸ்வெட்டர் கைக்குள் விறைத்துப்போன விரல்நுனியில் விழும் அடி சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருக்கும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மாதிரி பயமும் குளிர்ப்பிரதேசத்தில் நன்றாகப் பிடிக்கும்.

பயப்படுவதற்கு எதற்குக் கையேடு என்று கேட்பீர்கள். கோத்தகிரிப் பக்கம் இருட்டுகிற நேரத்தில் கரடி வரும் ஒற்றையடிப் பாதையில் நடந்து பாருங்கள், யாரும் சொல்லித்தராமலே பயம் வரும். கணக்குப் பயம் அப்படித் தானாக வருவதில்லை. யாராவது மெனக்கெட்டுச் சொல்லித்தர வேண்டும், நாமும் ஒழுங்காகப் பயில வேண்டும். முப்பத்தைந்து வருடமாக ஒருநாள் தவறாமல் பயின்று வருகிறவன் என்ற முறையில், அடுத்த தலைமுறைக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் பயத்துக்கு நாள் நட்சத்திரம் உண்டு. ஆறாம் வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம், ஆசிரியர் பெயரும் வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் யாரோ சொல்லித்தந்ததுதான். பலகையில் எழுதினார்: மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் ஒரு பாலத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகும்? என்னை எழுப்பினார். நான் சொன்னேன், “சார், ரயில் அவ்வளவு வேகமாப் போகாது.”

நான் அதுவரை பார்த்திருந்த ரயில் ஒன்றே ஒன்றுதான். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பி, கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, 208 வளைவும் 16 குகையும் சுமார் 250 பாலமும் தாண்டி, 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டிக்கு வந்து சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் ரயில். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் அதன் கூடவே ஓடிப் பார்த்தவர்கள். சில இடத்தில் நாங்கள்தான் ஜெயிப்போம். நாற்பத்தாறை ஐந்தால் வகுத்தால் மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட வராது. வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. அதைத்தான் நான் அன்று வாய்மொழியாகச் செய்தேன் என்பது எனக்கு உறைக்க இருபது வருடம் பிடித்தது. அன்று கிடைத்தது இரண்டு அடி. அடியைவிட முக்கியமாக, நாற்பது பேரின் சிரிப்பு.

பயிற்சியாளர்கள் இந்த நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அடி விருப்பப் பொருள்தான், இல்லாமலும் செய்யலாம். இப்போதெல்லாம் பள்ளியில் அடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சிரிப்பைச் சட்டத்தால் பிடிக்க முடியாது. ‘இதுகூடத் தெரியாதா’ என்ற இரண்டு சொல் போதும், பிரம்பு மிச்சம்.

<b>கணக்கைக் கணக்கு என்று சொல்லாதீர்கள்</b>

பயம் கலையாமல் இருக்க வேண்டுமானால் நீங்களும் வீட்டாரும் தினமும் போடுகிற கணக்குக்கெல்லாம் வேறு பெயர் வைத்துவிட வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு மூட்டை அனுப்பி, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, கமிஷன் போக என்ன நிற்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது வியாபாரம். ஏலச்சீட்டில் எத்தனை ஆயிரம் தள்ளி எடுத்தால் கட்டுபடியாகும் என்று பார்ப்பது சாமர்த்தியம். கணக்கு என்ற சொல் பாடப்புத்தகத்துக்குள்ளேயே கிடக்கட்டும்.

ஊட்டி முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்புப் பக்கம் போனால் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். துணியில் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி இறங்கும். ஓர் இழை தப்பினால் வரிசை முழுக்கக் கோணும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை. சமச்சீர், பிரதிபலிப்பு, மடங்கு என்று எட்டாம் வகுப்பில் என்னென்னவோ சொல்வார்களே, அத்தனையும் அந்தப் போர்வையில் இருக்கிறது. நாம் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ‘என்ன பொறுமை பாருங்க’ என்று சொல்ல வேண்டும். தப்பித்தவறியும் ‘என்ன கணக்கு பாருங்க’ என்று சொல்லிவிடக் கூடாது.

என் வீட்டிலேயே இந்த ஆபத்து உண்டு. என் அம்மா.

அம்மா 1974-ல் பதினான்கு வயதில் இலங்கையிலிருந்து வந்தவள். பத்து வருடம் முன்பு இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்: மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்தவர்கள் 9,75,000 பேர், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்மா வந்த அதே வருடம் அந்த மீதியையும் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மீதி என்பது வகுத்தலில் வருவது என்று நான் பள்ளியில் படித்தேன். அம்மா வகுபட்டவள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அவள் ஏறி வந்த கப்பலின் பெயர் ராமானுஜம். எந்த ராமானுஜமாக இருந்தாலும் எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

தகரப்பெட்டியோடு அவள் கொண்டுவந்தவற்றில் ஒரு சொல்லும் உண்டு, ‘அரைப்பேர்’. அங்கே குறிப்பிட்ட ராத்தல் கொழுந்து நிறுவையில் விழாவிட்டால் அன்றைக்குப் பேர் பாதிதான். பேர் என்றால் ஒருநாள் சம்பளம். ஆளுடைய பேரையே பாதியாக்குகிற இந்தப் பின்னம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, ஆனால் அதைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை யாரும் இல்லை. நீலகிரியில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தாள். மத்தியான நிறுவைக்கு முன்னாலேயே சாக்கைத் தூக்கிப் பார்த்துச் சொல்வாள்: “காலைல பதினொண்ணேகால். இது ஒம்பதரை. சாக்குக்கு அரை தள்ளு. இன்னும் நாலேமுக்கால் பறிச்சா விட்டுரலாம்.” இருபத்தைந்து கிலோவுக்கு. நீங்கள் கூட்டிப் பார்க்க வேண்டாம், சரியாக வரும். “அம்மா, உனக்குக் கணக்கு வரும்” என்று ஒருநாள் சொன்னேன். “போடா, நான் எங்க பள்ளிக்கூடம் போனேன்” என்றாள். பயத்தின் முழு வெற்றி இதுதான். வருகிறவளே வராது என்று நம்ப வேண்டும்.

இது நம் ஊர் விசேஷம் மட்டுமில்லை. பிரேசிலில் ரெசிஃபி என்ற ஊரில், தெருவில் இளநீரும் காய்கறியும் விற்கிற பிள்ளைகளிடம் மூன்று ஆய்வாளர்கள் பொருள் வாங்குவதுபோல் விலை கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கைப் பிறகு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37. அந்த ஆய்வு 1985-ல் வந்தது. நாற்பது வருடம் கழித்து, 2025-ல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பார்த்து நேச்சர் இதழில் எழுதியதும் இதே கதைதான். கூடவே இன்னொன்றும் கண்டார்கள். பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. சந்தைப் பிள்ளைக்குப் பள்ளி பயம், பள்ளிப் பிள்ளைக்குச் சந்தை பயம். பயிரிட இதைவிட நல்ல மண் கிடைக்காது.

<b>பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்</b>

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் டாக்ஸி ஓட்டும் நண்பரிடம் எந்த வளைவு பயம் என்று கேட்டேன். “ஒண்ணாவது வளைவுக்கு முன்னாடி உள்ள போர்டுதாண்ணே” என்றார். இறங்க ஆரம்பித்துவிட்டால் கியர், பிரேக், எதிரே வருகிற வண்டி. பயப்பட நேரம் ஏது?

2012-ல் லயன்ஸ், பைலாக் என்ற இருவர் கணக்குப் பயம் உள்ளவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். ‘அடுத்து வருவது கணக்கு’ என்ற அறிவிப்பு வந்ததும் மூளையில் உடல்வலியோடு சம்பந்தப்பட்ட பகுதிகள் சுறுசுறுப்பானதாம். கணக்கைப் போடும்போது அப்படி இல்லையாம். டாக்ஸி நண்பர் ஸ்கேன் இல்லாமலே சொன்னது. ஆகவே பயத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது. பலகையின் முன்னாலேயே வண்டியை நிறுத்தி, 36, 36 என்று படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மீறிப் போடத் துணிந்துவிட்டால்? அதற்கும் பயம் ஏற்பாடு செய்திருக்கிறது. மனசுக்குள் எண்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள இடம் கொஞ்சம்தான். பயம் முந்திக்கொண்டு வந்து, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஆள்மாதிரி, எல்லா சீட்டிலும் துண்டு போட்டு வைத்துவிடும். ஏழு வந்து நிற்கும், உட்கார இடமிருக்காது. ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இருவர் 2001-ல் சோதித்துச் சொன்னதன் சாரம் இது. அவர்கள் துண்டு என்று எழுதவில்லை. அவர்களுக்கு நம் பஸ் தெரியாது.

<b>பிள்ளைகளுக்குக் கடத்துவது</b>

வீட்டுப்பாடத்தில் உதவுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லித்தந்தால், அந்த வருட முடிவில் பிள்ளை கற்ற கணக்கும் குறைவு, சேர்ந்த பயமும் அதிகம் என்று 2015-ல் அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். பயம் இருந்தும் உதவிக்குப் போகாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்த நஷ்டம் இல்லையாம். ஆகவே சாயங்காலம் அவசியம் பக்கத்தில் உட்காருங்கள். பெருமூச்சு விடுங்கள். “எங்க காலத்துல இப்படியா போட்டோம்” என்று சொல்லுங்கள். இரண்டாவது கணக்கில் குரலை உயர்த்துங்கள். மூன்றாவதில் தேயிலைத்தூளைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் சுலபம். ஆரம்ப வகுப்பு ஆசிரியைகளின் கணக்குப் பயம் அவர்களிடம் படித்த சிறுமிகளுக்கு வருட முடிவில் ஒட்டிக்கொண்டதையும், பையன்களுக்கு ஒட்டாததையும் 2010-ல் பைலாக் குழு எழுதியது. ‘பொண்ணுங்களுக்குக் கணக்கு வராது’ என்பதை நம்பிய சிறுமிகளுக்குத்தான் அது ஒட்டியது. எங்கள் மலையில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இழையெண்ணிப் பூப்போடுகிறவர்களும் பெண்கள். அதெல்லாம் கணக்கு இல்லை என்று மேலே தீர்மானித்துவிட்டபடியால் இங்கே முரண்பாடு எதுவும் இல்லை.

பிள்ளை கொஞ்சம் துணிச்சல் காட்டினால் ராமானுஜனைக் காட்டி அடக்குங்கள். 2012 முதல் டிசம்பர் 22 தேசியக் கணித நாள். பள்ளிதோறும் படம் வைத்து, பூப்போட்டு, ‘மேதை’ என்று நாலு பேர் பேசுவார்கள். கணக்கு என்பது அவர் கும்பிட்ட நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னால்தான் ஆகும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். கும்பகோணம் கல்லூரியில் அதே மனிதர் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார் என்பதை மட்டும் யாரும் மேடையில் அழுத்திச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோற்றவர் என்று தெரிந்தால் பக்கத்தில் வந்துவிடுவார்.

இன்னொரு ராமானுஜமும் குறுக்கே வந்தார். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர், அப்போது சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஆர். ராமானுஜம். கணிதக் கல்வியின் கோளாறுகளை வரிசைப்படுத்தும்போது அந்தக் குழு முதலில் வைத்தது, பெரும்பாலான பிள்ளைகளிடம் உள்ள பயத்தையும் தோல்வி உணர்வையும். பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகுதான். அரசாங்கக் காகிதத்திலேயே நம் பயத்துக்கு முதல் இடம் கிடைத்துவிட்டது.

பத்தாவது முடிந்ததும் குரூப் எடுப்பது பற்றி நீட்டி எழுத வேண்டாம், எல்லோரும் கைதேர்ந்தவர்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு மட்டும் 100 என்பதால் ஒரு கூட்டம் அழுதுகொண்டே கணக்கு எடுக்கும். இன்னொரு கூட்டம் ‘கணக்கு இல்லாத குரூப் எது’ என்று வரிசையில் நின்று, காமர்ஸ் வாங்கிக்கொண்டு, முதல் நாள் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் திறந்து பார்த்து உட்கார்ந்துவிடும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 2020 தேர்விலிருந்து கணக்கையே பேசிக், ஸ்டாண்டர்டு என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. பயத்துக்கு ஏற்ற டிக்கெட்.

<b>போகக் கூடாத இடம்</b>

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. அந்தப் பக்கம் போகாதீர்கள். அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது, 1970 முதல் வேலை செய்கிறது. எவ்வளவோ இடமிருக்க அதை ஏன் சரிவில் வைத்தார்கள் என்று கேட்டால் வம்பு ஆரம்பிக்கும். ஊட்டி பூமத்தியரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அந்த மலையின் சரிவும் வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி. ஆகையால் சரிவில் நீட்டிப் படுக்கவைத்த கருவி பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. தன் நீளவாக்கில் ஒரே அச்சில் உருண்டு கொடுத்தால் போதும், வானத்தில் ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையே பாதி வேலையைச் செய்து வைத்திருந்தது. ஸ்வரூப் அளந்து கண்டுபிடித்தார்.

விஷயம் இதோடு நின்றால் பரவாயில்லை. 11 டிகிரி வடக்கில் இருப்பவனுக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில் தெரியும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக மேகமில்லாத ஜனவரி இரவில், வடக்கே மறைப்பில்லாத ஒரு மேட்டில் நின்றுகொண்டு ஒரு சிறுவன் முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே அந்த நட்சத்திரத்தைப் பிடித்து, தான் பூமத்தியரேகைக்கு எவ்வளவு வடக்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். எனக்கு எட்டாம் வகுப்பில் கோணம் நடத்தினார்கள். காம்பஸ் பெட்டி, கோணமானி, ஏ-பி-சி முக்கோணம். மலை வெளியே நின்றுகொண்டிருந்தது, யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. குளிர் என்றார்கள். இந்த வரியை எழுதும்போது எனக்குப் பயம் குறைகிறது, ஆகவே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறேன்.

<b>பயத்தின் பலன்கள்</b>

பயம் நன்றாக வேரூன்றிவிட்டால் நீங்கள் கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்காது. உங்களுக்காக வேறொருவர் போட்டுவிடுவார். இதைவிடச் சௌகரியம் உண்டா?

அம்மா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை குத்தகைக்கு எடுத்தோம். மாதம் எட்டுத் தடவை போல இலை போடுவோம், ஏஜென்ட் வண்டி வந்து எடுத்துப்போகும். எடை போட்டதும் ஒரு சீட்டுத் தருவார். வீட்டில் படித்தவன் நான் என்பதால் சீட்டை வாங்கி, கண்ணை ஓட்டுகிற மாதிரி ஓட்டி, கையெழுத்துப் போட்டுத் தலையாட்டுவது என் பொறுப்பு. கண்ணை எப்படி ஓட்ட வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு: எண்ணைப் பார்க்காமல் எண்ணுக்கு ஓரமாகப் பார்க்க வேண்டும். முகத்தில் மட்டும் நிதானம்.

ஒரு ஜூலை மழையில் ஈரத்துக்கு நூற்றுக்குப் பத்து கழிவு என்றார். சரி என்றேன். சதவீதம் என்ற சொல் காதில் விழுந்தால் உடனே சரி என்று சொல்லிவிடுவது என் வழக்கம், பேச்சு சீக்கிரம் முடியும். மழை நின்றது, கழிவு நிற்கவில்லை. டிசம்பரில் ஒருநாள் அம்மா ஆணியில் குத்தி வைத்திருந்த நாலு சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, “படிடா” என்றாள். படித்தேன்: 47 கிலோவுக்கு 42 என்று போட்டிருக்கிறது. 38-க்கு 34. 52-க்கு 46. 43-க்கு 38.

“நூத்துக்குப் பத்துன்னா நாப்பத்தேழுல எவ்வளவு போகும்?”

எனக்குக் காது சூடானது. பலகை, சாக்பீஸ், நாற்பது பேர். நாற்பத்தைந்து வயதில், சொந்த வீட்டுத் திண்ணையில், அம்மாவுக்கு முன்னால்.

“நாலேமுக்கால் வச்சுக்க” என்றாள் அவளே. “நாப்பத்திரெண்டேகால் நிக்கணும். நாப்பத்திரெண்டு போட்டிருக்கான். கால் போச்சு. முப்பத்தெட்டுல கால் போச்சு. அம்பத்திரெண்டுல முக்கால். நாப்பத்திமூணுல முக்கால். நாலு எடைக்கு ரெண்டு கிலோ. மாசத்துக்கு எட்டு எடை.”

மாதம் நாலு கிலோ, வருடத்துக்கு 48. வருடத்தில் ஒரு நாள் நாங்கள் பறித்த இலை முழுவதும், தூக்கிக் கொடுத்த கூலியோடு, அவருக்கு இனாம். ஈரக் கழிவு ஊரறியப் போனது, அது தனி. இது புள்ளிக்குப் பின்னால் போனது. அவளுக்குத் தசமப் புள்ளி தெரியாது. கால், அரை, முக்கால் தெரியும். நான் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்: 0.3, 0.2, 0.8, 0.7. கூட்டினால் சரியாக இரண்டு.

விலை விஷயத்தில் பயத்தின் பலன் இன்னும் பெரியது. ஏலத்தில் தூள் விற்ற பணத்தில் இலை கொடுத்தவருக்கு 65, ஃபேக்டரிக்கு 35 என்பது பங்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பசுந்தேயிலை பிடிக்கும். ஒரு பேச்சுக்குத் தூள் 120 ரூபாய்க்குப் போனதாக வையுங்கள். உங்கள் பங்கு 78 ரூபாய். நாலால் வகுத்தால் இலை கிலோவுக்கு 19 ரூபாய் 50 காசு. நாலரையால் வகுத்தால் 17 ரூபாய் 33 காசு. மாதம் 360 கிலோ போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அரைக்கு 780 ரூபாய் வித்தியாசம். இந்த ஐந்து வரியைப் படிக்கும்போது உங்கள் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவியிருந்தால் வாழ்த்துகள், நீங்கள் தேறிவிட்டீர்கள். உங்கள் அரையை யார் எடுத்துப்போகிறார் என்று நீங்கள் சாகும்வரை கேட்க மாட்டீர்கள்.

அடுத்த எடைக்கு அம்மாவே தராசு பக்கத்தில் போய் நின்றாள். ஏஜென்ட் “என்ன பெரியம்மா, தம்பி வரலையா” என்றார். “அவனுக்குக் கணக்கு வராது தம்பி” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். “கால் கிலோவையும் சேத்து எழுது.” எழுதினார். அந்தச் சிரிப்பு ஆறாம் வகுப்புச் சிரிப்பு மாதிரி இல்லை, ஆனாலும் நான் உள்ளே போய்விட்டேன். முப்பத்தைந்து வருடப் பழக்கம் ஒரு தராசில் போய்விடுமா?

இந்தக் கையேட்டில் சந்தேகம் இருக்கிறவர்கள், பயப்படுவது பற்றி என்னிடம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சீட்டைச் சரிபார்க்க வேண்டும் என்றால் மட்டும் அம்மாவிடம் வாருங்கள். ஐந்து மணிக்கு மேல் திண்ணையில் இருப்பாள். அதற்கு முன் தோட்டத்தில் இருப்பாள். நாலு சீட்டாவது கொண்டுவாருங்கள், ஒரு சீட்டில் தெரியாது.